அக்காவுக்குப் பத்து

இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. அடுத்த தாளைப் புரட்டினேன். அதிலும் நான்கு இருபத்தைந்து. அதற்கடுத்ததிலும் அதே. வகுப்பு முழுவதும் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கரண்டி என்று சமமாகப் பரிமாறியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் தாள்களை மேஜைமேல் ஓங்கி அடித்தேன். மார்க்கர் பேனா உருண்டு கீழே விழுந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

நான் எடுப்பது பொது சுகாதாரம். இந்தப் படிப்பை முடித்தால் சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் போகலாம். என் பாடத்தில் ஐந்தைந்து பேராகக் குழு சேர்ந்து ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். அதைச் சுவரில் ஒட்டி விளக்க வேண்டும். மற்றக் குழுக்கள் சுற்றிப் பார்த்து அந்தப் போஸ்டருக்கு மார்க் போடுவார்கள். அதோடு முடியவில்லை. குழுவுக்குள்ளேயும் மார்க் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் நூறு புள்ளி. மற்ற நான்கு பேருக்கு, யார் எவ்வளவு வேலை செய்தார்களோ அதற்கேற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உழைத்தவருக்குக் கூடுதல், பெஞ்சைத் தேய்த்தவருக்குக் குறைச்சல். ஒருவருக்குக் கிடைத்த சராசரி இருபத்தைந்துக்கு மேலே போனால் அவருடைய போஸ்டர் மார்க் ஏறும், கீழே போனால் இறங்கும். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது, அடடா, இதைவிட நியாயம் உலகத்தில் உண்டா என்று தோன்றியது. சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் இல்லை.

இந்த வம்பை நான் ஏன் விலை கொடுத்து வாங்கினேன் என்றால், என் மகள் இதே வகுப்பில் படிக்கிறாள். எங்கள் ஊரில் இந்தப் படிப்பு இருப்பது எங்கள் கல்லூரியில் மட்டும்தான். அவள் சேர்ந்த அன்றைக்கே ஆசிரியர் அறையில் புகைய ஆரம்பித்துவிட்டது. ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல என் காதில் விழச் சொன்னார்: "அம்மாவே பேப்பர் திருத்துனா பொண்ணு எதுக்குங்க படிக்கணும்?" அந்தப் பிஸ்கட் உடைந்து டீக்குள் விழட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். விழவில்லை.

அதனால்தான் இந்த முறையைக் கொண்டுவந்தேன். மார்க்கை மாணவர்களே போடட்டும், நீயும் வேண்டாம் உன் சங்காத்தமும் வேண்டாம் என்று கையைக் கழுவினேன். 'குழு மதிப்பீட்டில் ஆசிரியர் கை வைக்க மாட்டார்' என்று எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சட்டம் சார். கையெழுத்துப் போடும்போதே அவர், "மேடம், எழுதி ஒட்டினா ஒட்டினதுதான்" என்றார். நான் பெரிய இவள் மாதிரி தலையாட்டினேன்.

ஒத்திகையாக வைத்த முதல் சுற்றில்தான் இந்த இருபத்தைந்துகள் வந்தன.

"அஞ்சு பேரும் சமமாவா வேலை செஞ்சீங்க?" என்று கத்தினேன். "போஸ்டர் எந்தச் சுவத்துல இருக்குன்னே தெரியாதவன்லாம் இங்க இருக்கான். அவனுக்கும் இருபத்தஞ்சா? இனிமே யாரும் ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் போடக் கூடாது. நாலு பேருக்கு நாலு வேற வேற நம்பர். ஒரே நம்பர் போட்டா அந்தத் தாள் செல்லாது."

மைக் எழுந்தான். வாய் ஓயாத பையன் என்பதால் வகுப்பில் அவனுக்கு அந்தப் பெயர். "மேடம், அப்ப யாருக்காவது கம்மியா போட்டே ஆகணுமே?"

"வேலை செய்யாதவனுக்குப் போடு."

"அவன் ஃப்ரெண்டா இருந்தா?"

"அது உன் தலையெழுத்து."

வகுப்பு சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அறிவிப்பின் அடியில் சிவப்பு மையில் அந்தப் புது விதியையும் எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

அடுத்த சுற்று நிஜமான சுற்று, மார்க் சேரும். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் குழு பிரித்தேன். என் மகள் விழுந்த குழுவில் மைக் இருந்தான். கணினியில் படம் வரைகிற கிராபிக்ஸ் இருந்தான். எந்நேரமும் போனும் கையுமாகத் திரியும் ஹலோ இருந்தாள். ஐந்தாவது ஆள் அக்கா.

அவளை வகுப்பு மொத்தமும் அக்கா என்றுதான் கூப்பிடும். மற்றவர்களைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது. முதல் முறை தேர்வு நேரத்தில் பிரசவம், இரண்டாம் முறை பிள்ளைக்கு நிமோனியா. தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான் என்பது எங்கள் சட்டம், அவளுக்கு இது மூன்றாவது. போஸ்டர் மார்க் பாதிக்குக் கீழே போனால் தேர்வு எழுதவே விட மாட்டார்கள். மற்றப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து இன்னொரு போஸ்டர் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம். கடைசி வாய்ப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. போனால் படிப்பே போனது. கிளினிக் ஒன்றில் சீட்டு எழுதும் வேலையை முடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வகுப்புக்கு வருவாள். யார் எதைக் கேட்டாலும் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்பாள். பேனா, நோட்டு, பதில் எல்லாம் அவளிடமிருந்து கடன் போகும். திரும்பி வராது.

அவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு, எங்கள் கல்லூரியின் குடிநீர்த் தொட்டி. தலைப்பைச் சொன்னது அக்கா. மொட்டைமாடித் தொட்டியின் மூடி உடைந்திருப்பதைப் பார்த்ததும் அவள்தான். தண்ணீரை ஊற்றி வைத்தால், கிருமி இருக்கும் பட்சத்தில் கறுத்துப்போகும் சோதனைக் குப்பிகள் இருக்கின்றன. அவற்றை லேப் சாரிடம் கெஞ்சி வாங்கி, தொட்டியிலிருந்தும் ஒவ்வொரு மாடிக் குழாயிலிருந்தும் அவளே தண்ணீர் பிடித்தாள். ஆசிரியர் அறை ஜன்னலில் நின்றால் மாடிக்குப் போகும் இரும்பு ஏணி தெரியும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் ஏறுவதை நான் பலமுறை பார்த்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ளக்கூட ஒருவரும் இருந்ததில்லை.

என் மகள் என்ன செய்தாள் என்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அவள் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். போஸ்டரின் தலைப்பு எழுத்துகளுக்கு நீலமா பச்சையா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தாள். "மத்த வேலை?" என்று கேட்டால், "அவங்க பாத்துக்கிறேன்னுட்டாங்கம்மா" என்றாள். நான் வாயைத் திறக்க முடியாது. கை வைக்க மாட்டேன் என்று எழுதி ஒட்டியவள் நான்தானே.

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு ஒண்ணும் செய்யலன்னு உனக்குத் தெரியுது. வாத்தியாரா கேக்கவும் முடியாது, அம்மாவா விடவும் முடியாது. வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னா யாரு என்ன பண்றது?"

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

போஸ்டர் நாள் வந்தது. காலையிலிருந்தே டேப் சரியாக ஒட்டவில்லை. தூக்கமின்மை பற்றிய போஸ்டர் இரண்டு தடவை சுவரிலிருந்து கழன்று விழுந்தது, அதுவும் அசந்து தூங்கப் போகிறது என்று மைக் கமெண்ட் அடித்தான். ஒருவர் போஸ்டர் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும், மற்ற நால்வரும் சுற்றிப் பார்க்க வேண்டும். நான் டம்ளரைக் கரண்டியால் தட்டினால் ஆள் மாற வேண்டும். இதுதான் ஏற்பாடு.

தொட்டிப் போஸ்டரில் முதலில் மைக் நின்றான். பேச்சு பிரமாதம். சட்டம் சார் வந்து, "எந்த மாடிக் குழாய்ல குப்பி முதல்ல கறுத்துச்சு?" என்று கேட்டார். மைக் கொஞ்சமும் யோசிக்காமல், "எல்லா மாடியும் சார்" என்றான். எதிர்ச்சுவரில் வேறு போஸ்டர் பார்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பி வந்து, "கீழ்த்தளம் சார். மேல் ரெண்டு மாடியும் அடுத்த நாள்தான் கறுத்துது" என்று மெல்லச் சொன்னாள். "அதான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்றான் அவன்.

கரண்டியைத் தட்டினேன். என் மகள் வந்து நின்றாள். மூடி உடைந்து எத்தனை நாளாகிறது என்று யாரோ கேட்டார்கள். அவள் போஸ்டரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு "அக்கா!" என்று கூப்பிட்டாள். அக்கா ஓடி வந்தாள். அடுத்து ஹலோ, அடுத்து கிராபிக்ஸ், யார் நின்றாலும் இதே கதைதான். அக்கா அன்றைக்கு வேறு ஒரு போஸ்டரைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. நாலு பேரும் கண்ணால் பார்க்கிறார்கள், உள்மார்க் போடும்போது அக்காவுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் போஸ்டருக்கு மற்றக் குழுக்கள் நல்ல மார்க்கே போட்டிருந்தார்கள்.

மத்தியானம் தாள்களைப் பிரித்தேன். தாளில் வரிசை எண் இருக்கும், யார் எழுதியது என்று தெரியும். மைக்கின் தாள்: என் மகளுக்கு நாற்பது, அக்காவுக்குப் பத்து. கிராபிக்ஸின் தாள்: என் மகளுக்கு நாற்பது, அக்காவுக்குப் பத்து. ஹலோவும் அப்படியே. அக்காவின் தாளில் மட்டும் எல்லாருக்கும் இரண்டிரண்டு புள்ளிதான் வித்தியாசம். அதற்கு மேல் குறைக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. கடைசியாக என் மகளின் தாளை எடுத்தேன். மற்ற மூன்று பேருக்கும் தாராளமாகக் கொடுத்திருந்தாள். அக்காவுக்குப் பத்து.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் அக்கா பாதிக்கும் கீழேதான் வந்தாள். அந்த ஏணியில் ஏறி இறங்கினவளுக்குத் தேர்வு கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து நீலமா பச்சையா என்று பார்த்தவள் வகுப்பிலேயே முதல். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதை நானே விதி எழுதி நடத்தி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உனக்கு வெக்கமா இல்ல? அக்காவுக்குப் பத்தா?"

மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள். "நீ கை வைக்க மாட்டேன்னு சொன்னியே?"

"கைய மார்க்குல வைக்கல. இப்ப உன் கன்னத்துல வைக்கலாமான்னு பாக்கறேன். சொல்லுடி!"

"நீதானேம்மா ஒரே நம்பர் போடக் கூடாதுன்ன? யாருக்காவது குறைக்கணும். மைக்குக்குக் குறைச்சா சண்டைக்கு வருவான். ஹலோவுக்குக் குறைச்சா அழுவா. கிராபிக்ஸ் அடுத்த தடவை படம் போட்டுத் தர மாட்டான். அக்கா தப்பா நினைக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டோம். சரிம்மான்னாங்க."

"உனக்கு எதுக்குடி நாப்பது?"

"மேடம் பொண்ணுக்குக் குறைச்சா மேடம் மனசுல வச்சுப்பாங்கன்னு மைக் சொன்னானாம். அவங்க போட்டாங்க. நான் என்ன பண்ண?" என்றாள். பிறகு, "முதல் நாள்லேர்ந்தே என்னை ஒரு வேலையும் செய்ய விடலம்மா. நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்னாங்க. எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"அக்காவுக்கு இது கடைசி சான்ஸ். பத்து போட்டதால அவங்க பரீட்சை எழுத முடியாது. தெரியுமா உனக்கு?"

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை அக்காவைக் கூப்பிட்டேன். செய்தவர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவள் மேல்தான் முதலில் பாய்ந்தேன். என் புத்தி அப்படி.

"பத்து போடச் சொல்லி நீயே சரின்னியாமே? உனக்கு அறிவு இருக்கா? படிப்பே போயிடும்னு தெரியாதா?"

"இவ்ளோ குறையும்னு தெரியாது மேடம்" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க தப்பா நினைக்க மாட்டீங்கல்லன்னு நாலு பேரும் சுத்தி நின்னு கேட்டாங்க. அதுக்கு என்னன்னு மேடம் பதில் சொல்றது?"

நேரே சட்டம் சாரிடம் போனேன்.

"சார், அந்த விதிய எடுத்துடறேன். எல்லாருக்கும் சமமா போட்டுடலாம்."

"நடுவுல விதிய மாத்தினா மத்தக் குழுக்காரங்க சும்மா இருப்பாங்களா? அதுவும் உங்க பொண்ணு இருக்கிற குழுவுக்கு மட்டும்? நாளைக்கே புகார் வரும் மேடம்." அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு பேரும் சம்மதிச்சா, அதே விதிப்படி, வகுப்பு முன்னாடி, மறுபடி போடட்டும். நீங்க வாயத் திறக்கக் கூடாது. அவ்ளோதான் என்னால முடியும்."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த மனிதருக்குத் தெரிந்தேதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் ஐந்து பேரும் வகுப்பு முன்னால் நின்றார்கள். சட்டம் சாரே பேசினார். புள்ளி போடுவதற்கு முன்னால், இந்தப் போஸ்டருக்காக என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். நான் பின்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கைகளை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மைக் ஆரம்பித்தான். "நான் ஒருங்கிணைப்பு சார்." எதை ஒருங்கிணைத்தான் என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் என்றான். கிராபிக்ஸ் வரைபடம் போட்டதாகச் சொன்னான், அது உண்மை. ஹலோ, படம் எடுத்துக் கொடுத்தேன் என்றாள். மாடிக்குப் போனாயா என்றதற்கு, "கீழேர்ந்து ஜூம் பண்ணி எடுத்தேன் சார்" என்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

என் மகள் முறை வந்தது. அவள் நடுவில் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணுமே செய்யல சார். தலைப்பு எழுத்த வெட்டி ஒட்டினேன். அவ்ளோதான். தொட்டி எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்கு நாப்பது போட்டது, எங்கம்மாவுக்குப் பயந்து. நான் அக்காவுக்குப் பத்து போட்டது, அவங்க திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு. எனக்குப் பத்து போடுங்க. நியாயமா அதுகூட அதிகம்."

முதலில் ஒருவன் கைதட்டினான். அடுத்து இன்னொருத்தி. சட்டென்று வகுப்பே கைதட்டியது. மைக்கும்கூடத் தட்டினான். சட்டம் சார் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் தொடைக்குக் கீழிருந்து கையை எடுத்துத் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் வயிற்றில் பிறந்தது சோடை போகவில்லை என்று இருந்தது.

அக்கா கடைசியாகப் பேச வேண்டியவள். கைதட்டல் அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. சட்டம் சார், "சரி சரி, தெரிஞ்சதுதானே, நேரமாச்சு, புள்ளியப் போடுங்க" என்று தாளை நீட்டினார்.

புதுத் தாள்களில் அக்காவுக்கு நாற்பது நாற்பதாக விழுந்திருந்தது. அக்காவின் தாளில் மட்டும் ஓர் எண்ணும் மாறவில்லை. என் மகள் பாதிக்குக் கீழே போனாள். அக்காவுக்குத் தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. மகள் பெயருக்கு எதிரே 'தகுதியில்லை' என்று நானே எழுதினேன். ஆசிரியர் அறைக்குப் போனால் லேப் சார் எழுந்து நின்று, "பெரிய மனசு மேடம் உங்க பொண்ணுக்கு" என்றார். அன்றைக்கு அவருக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொண்ணு ஃபெயில் ஆனதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுற அம்மாவ இப்பத்தான் பாக்கறேன்" என்றார். விடுமுறையில் அவள் இன்னொரு போஸ்டர் செய்ய வேண்டும். செய்கிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

அடுத்த வாரம், தேர்வு அனுமதிக் கணக்கில் சேராத கடைசிப் போஸ்டருக்குக் குழு பிரிக்க வேண்டியிருந்தது. காலையில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மகள் கேட்டாள்.

"அம்மா, இந்தத் தடவை என்னை அக்கா குழுவுலயே போடேன். சீட்டுப் போடாதம்மா. நான் ஏணி ஏறணும், குப்பி தூக்கணும், எல்லாம் செய்யணும். அக்காவுக்கு நான் செய்யணும்மா."

அக்காவிடமே கேட்கிறேன் என்றேன். வகுப்பு முடிந்ததும் அக்காவை நிறுத்திக் கேட்டேன். சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தேன்.

அக்கா பையைத் தோளில் மாட்டினாள், இறக்கினாள், திரும்ப மாட்டினாள்.

"மேடம், என்னை யார்கூட வேணும்னாலும் போடுங்க. மைக்கோட போட்டாலும் பரவாயில்ல. உங்க பொண்ணு இருக்கிற குழு மட்டும் வேண்டாம்."

"ஏம்மா? அவதானே எழுந்து உண்மையச் சொன்னா? அவ சொன்னதாலதானே உனக்கு..."

"சொன்னா மேடம். நல்ல பொண்ணு. நான் குறை சொல்லல." அவள் குரல் உயரவில்லை. ஆனால் அப்படி ஒரு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. "வேலை செஞ்சது நான். வேலை செய்யலன்னு சொன்னது அவ. அன்னைக்குக் கைதட்டினது யாருக்கு மேடம்?"

நான் அவளையே பார்த்தேன்.

"தொட்டியில என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றதுக்கு வீட்ல நின்னு பேசிப் பாத்துட்டு வந்தேன். என் பையன உக்கார வச்சுச் சொல்லிக் காட்டினேன். என்னைக் கேக்கவே இல்ல. நீங்களும் கேக்கல. அவ செஞ்சாலும் அவளத்தான் பாக்கறாங்க, செய்யாட்டியும் அவளத்தான் பாக்கறாங்க. அவ பக்கத்துல நின்னா நான் தெரிய மாட்டேங்கறேன் மேடம்."

கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வகுப்பறையில் நான் ஒருத்தியாவது திரும்பி அவளைப் பார்த்திருக்கலாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கில் கை வைக்க மாட்டேன் என்று எழுதி ஒட்டி என்ன பிரயோஜனம்?

சாயங்காலம் மகள் வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அக்காகிட்ட கேட்டியா? என்ன சொன்னாங்க?"

"வேண்டாம்னுட்டாங்க."

"ஏன்? நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே?"

"ஒத்துக்கிட்ட. எல்லாரும் உனக்குக் கைதட்டினோம். அப்புறம் அவங்க பேச வேண்டிய நேரம் முடிஞ்சு போச்சு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அக்கா பேசினாளா இல்லையா என்று நினைவுபடுத்திப் பார்ப்பது தெரிந்தது. அவளுக்கு நினைவில்லை. அந்த வகுப்பில் யாருக்குமே நினைவிருக்காது. நான் வண்டியை எடுத்தேன். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.